வலை இழுக்காத கால்

அப்பாவுக்கும் அண்ணனுக்கும் எனக்கும் குதிகாலுக்கு மேலே உள்ள நரம்பு தடித்துப் புடைத்திருக்கும். இலங்கைத்துறையில் எங்கள் வீட்டில் அதைக் கரைவலைக் கால் என்போம். மணலில் காலை ஊன்றி வலை இழுத்து வந்தது என்று அப்பா பெருமையாகச் சொல்வார். நாற்பது வயதுக்கு முன்பே அவர் கடற்கரையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்தார். அப்போதும் அந்தக் காலை ஒருவரும் சந்தேகிக்கவில்லை.

கால் சுளுக்கி நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் டொக்டர் ஒருவர் அந்தப் புடைப்பை அழுத்திப் பார்த்தார். இரத்தம் எடுத்தார்கள். கொலஸ்ட்ரோல் மிக அதிகம். சாப்பாட்டால் வந்ததல்ல, பரம்பரையாக வந்தது, காலில் புடைத்திருப்பதும் அந்தக் கொழுப்புத்தான் என்றார். கழுத்து நாடியை ஸ்கான் பண்ணச் சொன்னார்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். டவுனில், ஓர்ஸ் ஹில்லில் அறை எடுத்து, ஒரு கந்தோரில் எழுத்து வேலை செய்கிறேன். ஊரிலிருந்து யார் ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் துணைக்குப் போவது நான்தான். அதில் எனக்குப் பெருமை உண்டு. என் முறை வந்தபோது யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

"கூட ஆர் வந்தது?" என்று தாதி கேட்டார்.

"ஒருத்தருமில்ல. தனியத்தான் வந்தனான்."

கழுத்தில் குளிர்ந்த பசை தடவினார்கள். திரையில் கறுப்பாக ஓடிய நாடியின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் சிறிய திட்டு.

"கொழுப்புப் படிய வெளிக்கிட்டுட்டுது," என்றார் டொக்டர். "இப்பவே குளிசை போடத் தொடங்கினா நல்லது. சகோதரங்கள் இருந்தா கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ."

அறைக்கு வந்து போனில் பெயர்களை மேலும் கீழும் தள்ளினேன். எல்லாம் என்னிடம் உதவி கேட்கிற பெயர்கள். ஜன்னலுக்கு அப்பால் துறைமுகத்து நீர் அசையாமல் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அண்ணன் தோணியில் இயந்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். நாடி, படிவு, பரம்பரை என்று எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் சிரித்தார்.

"உன்ர ஸ்கானில மீனும் தெரியுமோ? படிச்ச ஆக்களுக்குத்தான் இந்த வருத்தமெல்லாம். நான் ரெண்டு பேற்ற வலைய ஒராளா இழுக்கிறனான்."

"அப்பாவும் அப்பிடித்தான் இழுத்தவர்."

நான் செருப்பைக் கழற்றி, தோணி விளிம்பில் காலை வைத்தேன்.

"இதத் தொட்டுப் பாருங்க அண்ணா. நான் எண்டைக்கு வலை இழுத்தனான்?"

எண்ணெய்க் கையாலேயே தொட்டார். பிறகு தன் குதிகாலைத் தொட்டார். மறுபடியும் என்னுடையதை.

"அப்ப அப்பாவுக்கு..." என்று தொடங்கி நிறுத்தினார். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "ஸ்கானுக்குத் தனியவோ போனனீ?" என்றார்.

"ஓம்."

"சொல்லியிருக்கலாமே, தங்கச்சி."

அவருடைய ஸ்கான் நாளில், மடிப்புக் கலையாத சேட்டுடன் கதிரை நுனியில் உட்கார்ந்திருந்தார். கால்களைப் பின்னால் இழுத்து மறைத்துக்கொண்டார். அதே தாதி வந்தார்.

"கூட ஆர் வந்தது?"

அண்ணன் தாடையால் என்னைக் காட்டிவிட்டு உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது. திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டுவார்களா என்று யோசித்தேன். அவருடைய கதிரையில் வேறு யாரும் இருந்துவிடாதபடி என் பையை வைத்துக்கொண்டு, கதவையே பார்த்திருந்தேன்.