பதினான்கு மீட்டர் நிக்கல்

ஆஸ்திரேலியாவின் சுரங்க ஊரான கல்கூர்லியில் நாய்க்குக்கூட ஏதாவது ஒரு சுரங்கக் கம்பெனியில் பங்கு இருக்கும். ஆனால் நாய் மோந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கும். எங்கள் பக்கத்து வீட்டு மெர்வ் ட்ரெவாஸ்கிஸ் அறிக்கையின் முதல் வரியோடு படிப்பை முடித்துக்கொள்பவர்.

முப்பது வருஷம் சுரங்கத்தில் லாரி ஓட்டியவர். கல்லைச் சுமந்ததால் கல்லைத் தெரியும் என்று நினைப்பு. அப்படிப் பார்த்தால் தபால்காரருக்கு ஊரில் எல்லார் காதலும் அத்துபடியாகியிருக்க வேண்டும். இந்த அறிவை நம்பிப் பங்கு வாங்கி ஏற்கனவே ஒரு படகைத் தொலைத்தார். பாலைவன ஊரில் படகு எதற்கு என்று கேட்காதீர்கள். அதுவும் அவர் யோசனைதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு சின்னக் கம்பெனி அறிவித்தது: பூமியில் போட்ட சோதனைத் துளையில் பதினான்கு மீட்டர் நிக்கல் சல்பைடு தாது. பங்கு விலை ஆறு சென்ட். பங்கு வாங்கப் பணம் வேண்டுமே; மதியத்துக்குள் மெர்வ் வீட்டுக் கேரவன்மேல், காரில் இழுத்துப்போகும் அந்த வீட்டுவண்டிமேல், 'விற்பனைக்கு' பலகை தொலைபேசி எண்ணோடு தொங்கியது.

அந்தக் கேரவனில் எஸ்பரன்ஸ் கடற்கரைக்குப் போக அவர் மனைவி க்ளெனிஸ் பதினொரு வருஷமாகக் காத்திருந்தார். திரைச்சீலைகூடத் தைத்துவிட்டார். துளையிலிருந்து வரும் கல் உருளைகளை ரம்பத்தில் அறுப்பதுதான் அவர் வேலை. அறிக்கையின் ஆறாம் பக்கம்வரை படித்தார். பிறகு ஒரே ஒரு ஹாம் துண்டு வைத்த சாண்ட்விச்சைத் தட்டில் போட்டு, உறிஞ்சுகுழல் ஒன்றைப் பக்கவாட்டில், ஹாம் துண்டுக்குள்ளேயே, நெடுக நுழைத்தார்.

"மெர்வ், குழாய்க்குள்ள என்ன இருக்கு?"

"முழுக்க ஹாம்."

"சாண்ட்விச்சுல எத்தனை துண்டு?"

"ஒண்ணு."

"இவனுங்களும் தாது போற போக்குலயே துளை போட்டிருக்கானுங்க. குறுக்கே போட்டாத்தானே தடிமன் தெரியும்? நிஜத் தடிமன் தெரியாதுன்னு அவனுங்களே எழுதியிருக்கானுங்க, பொடி எழுத்துல."

"முப்பது வருஷம் சுரங்கத்துல இருந்தவன் நான். எனக்கு ரொட்டியில பாடம் எடுக்கிறியா?"

"ரொட்டியிலயாவது புரியுதான்னு பாக்கறேன்."

மெர்வ் சாண்ட்விச்சைத் தின்றார். பலகையைக் கழற்றவில்லை.

பத்து நாள் ஒருத்தரும் கூப்பிடவில்லை. "நல்ல கேரவனை அடையாளம் தெரியாத ஊருடா இது!" என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னிடம் புலம்பினார். "ஆமா மெர்வ், ரசனை கெட்ட ஊரு," என்றேன். பலகை ஏறிய அன்று ராத்திரியே எண்ணில் இருந்த 3-ஐக் கறுப்பு மையால் 8 ஆக்கியவன் நான். சொந்த எண்ணைக்கூட முழுசாகப் படிக்காத மனுஷன்.

பதினோராம் நாள் அடுத்த துளையின் முடிவு வந்தது. இந்த முறை குறுக்கே போட்டிருந்தார்கள். ஒன்று புள்ளி ஒன்று மீட்டர். பங்கு இரண்டு சென்ட்.

"எனக்கு அப்பவே தோணுச்சு. அதான் அவசரப்படல," என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார் மெர்வ்.

சனிக்கிழமை காலை கேரவன் கிளம்பியது, ஜன்னலில் புதுத் திரைச்சீலையோடு. எங்கள் வேலிக் கம்பத்தில் காகிதத்தில் சுற்றிய பொட்டலம் ஒன்று இருந்தது. உள்ளே சாண்ட்விச். ஹாம் மூன்று துண்டு. காகிதத்தின் மேல் க்ளெனிஸ் கறுப்பு மையில் பெரிதாக ஒரு 8 போட்டிருந்தார்.