மன்னிப்பு கேட்கவிடாத ஜமீலா மேடம்

கடலூர் நீதிமன்ற வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. பரங்கிப்பேட்டைத் தோழி பேசினாள். "மேரி, சிதம்பரத்துல கவுன்சலிங் பாப்பாங்களே உங்க ஜமீலா மேடம், காலையில மௌத்தாயிட்டாங்கடி." சாவுச் செய்தி கேட்டு வக்கீல் கவுனோடு அங்கேயே நின்று அழுதேன். யார் பார்த்தால் எனக்கென்ன!

அவரை அறிந்தவர்களுக்கு அந்த மாடியறை ஞாபகம் இருக்கும். உளப்பகுப்பாய்வு முறையில் சிகிச்சை தந்தவர் அவர். மாத்திரை கிடையாது, அறிவுரையும் கிடையாது. வாரந்தோறும் அதே நாள், அதே நேரம். நாம் பேசவேண்டும், அவர் கேட்பார். நேரம் முடிந்தால் அழுதுகொண்டிருந்தாலும் எழுந்துவிட வேண்டியதுதான். ஒருமுறை ஆசையாக அதிரசம் கொண்டுபோனேன். வாங்கவில்லை. "இத எனக்குக் குடுக்கணும்னு ஏன் தோணுச்சு?" என்று கேட்டு அதிரசத்தையும் விசாரணையில் உட்காரவைத்துவிட்டார்.

நான் போன காரணம் இதுதான். நீதிபதி நிமிர்ந்து பார்த்தாலே எனக்குக் குரல் அடைத்துக்கொள்ளும். வழக்கைக் கரைத்துக் குடித்திருப்பேன். எழுந்து நின்றதும் "மன்னிக்கணும் ஐயா" மட்டும்தான் வரும். "நீ ஆபீஸ்ல உக்காந்து மனு டைப் பண்ணும்மா, அதுபோதும்" என்று சீனியர் சொல்லிவிட்டார். ஆசைப்பட்டுப் போட்ட கவுனைக் கழற்றிவிடலாமா என்ற நிலையில்தான் சிதம்பரம் பஸ்ஸில் ஏறினேன்.

நானோ மாதா கோயில் வளர்ப்பு. பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிற மாதிரி வாராவாரம் என் குற்றங்களை அவரிடம் ஒப்பித்தேன். மாமியாரிடம் எரிந்து விழுந்தது, ஞாயிறு பூசைக்குப் போகாதது, எல்லாம். ஒப்பித்துவிட்டுத் தலை குனிந்து காத்திருப்பேன். அவர் பேசவே மாட்டார். ஒருநாள் பொறுக்கமுடியாமல், "பரிகாரம் ஒண்ணும் சொல்லமாட்டீங்களா மேடம்?" என்றே கேட்டுவிட்டேன்.

"மன்னிக்கிறதுக்கு நான் யாரு? தன்னைத்தானே ஆராஞ்சு பாக்கறதுன்னா தன் மேலயே கேஸ் போடுறதில்ல மேரி" என்றார்.

எரிச்சலாக வந்தது. அதை விழுங்கிவிட்டு, "சாரி மேடம்" என்றேன்.

பிறகு ஐப்பசி மழையில் ஒருநாள் நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்தால் அறை பூட்டியிருந்தது. தகவலே இல்லை. அடுத்த வாரம் நாற்காலியில் உட்கார்ந்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை: "சாரி மேடம், நான் போன் பண்ணிட்டு வந்திருக்கணும்."

"வராதது நான். சொல்லாததும் நான். நீங்க எதுக்கு மன்னிப்பு கேக்குறீங்க?"

அவர் அவசரப்படுத்தவில்லை. மெல்ல என் வாயிலிருந்தே காரணம் வந்தது. வீட்டில் அப்பா கத்த ஆரம்பித்தால் அம்மா என்னைத்தான் முன்னால் தள்ளுவாள். "நீ போய் சாரி சொல்லிடுடி, அடங்கிடுவாரு." தப்பு யாருடையதாக இருந்தாலும் சாரி என்னுடையது. நீதிமன்றத்தில் நின்று நடுங்கியது வக்கீல் மேரி இல்லை, அந்தப் பிள்ளை. சொல்லி முடித்ததும் உள்ளே என்னவோ உடைந்தது. "அப்ப ஏன் வரல நீங்க? மழையில நாய் மாதிரி நின்னேன்! ஒரு போன் பண்ண முடியாதா உங்களுக்கு?" என் குரலா அது? எனக்கே ஆச்சரியம்.

அவர் திருப்பிக் கத்தவில்லை, முகம் சுருங்கவுமில்லை. "தப்பு என் மேலதான். உங்க கோபம் நியாயம். இன்னும் இருந்தா சொல்லுங்க" என்றார். இருந்தது. நேரம் முடியும்வரை திட்டினேன்.

ஒரே நாளில் மாறிவிட்டேன் என்று கதை விடமாட்டேன். பல மாதம் ஆனது. ஒரு விதவையின் வீட்டு வழக்கு, சீனியரிடம் நானே கேட்டு வாங்கியது. நான் வாதாடும்போது எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கே பாய்ந்தார், நீதிபதி நிமிர்ந்தார். பழைய சாரி தொண்டைவரை வந்தது. இப்போ யாரைப் பார்த்துப் பயப்படுகிறேன் என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டேன். "நான் இன்னும் முடிக்கவில்லை, ஐயா." நீதிபதி "தொடருங்கள்" என்றார். தொடர்ந்தேன். வீடு அந்த அம்மாவுக்கே கிடைத்தது!

அந்த வாரம் மாடிப்படியை ஓடியே ஏறினேன். நடந்ததைக் கேட்டுவிட்டு மேடம், "என்கிட்ட இதச் சொல்றப்போ எப்படி இருக்கு?" என்றார்.

"திமிரா இருக்கு மேடம்."

"இருக்கட்டுமே" என்று சிரித்தார்.

போன் வந்த அன்றே பரங்கிப்பேட்டையில் மேடம் வீட்டுக்குப் போய்ப் பெண்களோடு உட்கார்ந்தேன். என்னைப்போலவே யாருக்கும் அறிமுகமில்லாத முகங்கள் நிறைய. சிகிச்சைக்கு வந்த எங்களைப் பற்றி அவர் வீட்டில்கூட மூச்சு விட்டதில்லை. மகள் பக்கத்தில் வந்து, "நீங்க உம்மாவுக்கு எப்படிப் பழக்கம்?" என்று கேட்டாள்.

"உங்க உம்மாகிட்ட சண்டை போட்டவம்மா நான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உம்மாகிட்டயா? ஜெயிச்சீங்களா?"

"ஜெயிச்சேன்" என்றேன். "அவுங்கதான் ஜெயிக்க வெச்சாங்க." அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி வந்தது என் குரல். அவர் எனக்கு விட்டுப்போனது அதுதான். அதைத் தணித்துக்கொள்ளத் தோன்றவில்லை.