ஆறுதல் தொகையும் மாமனார் சிரித்த படமும்

எங்கள் வக்கீலுக்கு லத்தீன் வார்த்தை ஒன்று கிடைத்துவிட்டால் அன்றைக்கு டைப் வேலை நடக்காது. தருமபுரி கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில் அவருடைய ஆபீஸ். நான் அங்கே டைப்பிஸ்ட். நல்லம்பள்ளிப் பக்கத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து மெஷின் மேலிருந்த துணியை எடுப்பேன். அவர் நாற்காலியில் சாய்ந்து ஒரு வார்த்தையின் பூர்வீகத்தைச் சொல்லத் தொடங்கினால் விரல்களை மடக்கிக்கொண்டு கேட்க வேண்டியதுதான். சம்பளம் கொடுப்பவர் பேசும்போது கொட்டாவி விடக் கூடாது என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. ஆனாலும் அது எல்லா ஆபீசிலும் அமலில் இருந்தது.

அப்படி வந்து சேர்ந்த வார்த்தைதான் சொலேஷியம். சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி ஜில்லா ஆகிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. தனிக்குடித்தனம் வந்தவர்களுக்குப் பாத்திரம் பண்டம் வேண்டியிருப்பதுபோல, ஜில்லாவுக்கும் ஆபீஸ், குவார்ட்டர்ஸ், கிடங்கு எல்லாம் வேண்டியிருந்தது. அதற்கெல்லாம் நிலம் வேண்டும். நிலத்தை எடுத்தால் அதன் விலையைக் கொடுக்க வேண்டும். விலைக்கு மேல் நூற்றுக்குப் பதினைந்து சேர்த்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பதினைந்துக்குத்தான் சொலேஷியம் என்று பெயர். தமிழில் ஆறுதல் தொகை.

வக்கீல் சொன்ன கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். அவர் சொன்னபடி சொன்னால் மதியச் சாப்பாட்டு வேளை தாண்டிவிடும். லத்தீனில் அந்த வார்த்தைக்கு ஆறுதல் என்றுதான் அர்த்தம். ஸ்காட்லாந்தில், சொந்தக்காரர் ஒருவர் பிறர் தவறால் செத்துப்போனால், மிச்சமிருப்பவர்களின் மனவேதனைக்குக் கொடுக்கும் பணத்துக்கு அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே இருக்கும் இங்கிலாந்துக்காரனுக்குக் கண்ணீருக்குக் காசு கொடுப்பது பிடிக்காது. செத்தவர் சம்பாத்தியம் எவ்வளவு என்று கேட்பானே தவிர, நீ அழுதாயா என்று கேட்கமாட்டான். ஆனால் ரயில்பாதை போட அவன் நாட்டுப் பிரபுக்களின் நிலத்தை எடுக்கத் தொடங்கியதும் அவனுக்கும் மனம் இளகிவிட்டது. மதிப்புப் போடுகிறவர்கள் பிரபுவின் வருத்தத்துக்கென்று நூற்றுக்குப் பத்து கூட்டிப் போட்டார்கள். பிற்பாடு அவனே அதை நிறுத்திக்கொண்டான். அதற்குள் நம் நாட்டுக்கு ஒரு சட்டம் எழுதி, அதில் பதினைந்து என்று போட்டுவிட்டான். அவன் ஊர் வருத்தத்தைவிட நம் ஊர் வருத்தம் ஐந்து ரூபாய் கூடுதல் என்று எந்தத் தராசில் நிறுத்தானோ தெரியாது.

இதில் வேடிக்கை, அந்தச் சட்டத்தில் சொலேஷியம் என்ற வார்த்தையே கிடையாது. கட்டாயப்படுத்தி எடுப்பதால் பதினைந்து என்றுதான் இருக்கும். பெயர் கோர்ட்டுக்காரர்கள் வைத்தது. "கட்டாயம் இருக்கணும். அது இல்லன்னா இதுவும் இல்ல" என்று வக்கீல் முடித்தார். நான் அதைக் காதில் போட்டுக்கொண்டு, பாதியில் நின்ற வாடகைப் பத்திரத்தைத் தட்டி முடித்தேன். இந்த வார்த்தை பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கே வரும் என்று அப்போது தெரியாது.

என் மாமியாருக்கு அவருடைய அப்பா கல்யாணத்தின்போது மஞ்சக்காணியாக எழுதிக் கொடுத்தது ரோட்டோரம் ஒன்றேகால் ஏக்கர். பெண்ணுக்கு மஞ்சள் செலவுக்கென்று பிறந்த வீட்டார் கொடுக்கும் நிலம் அது. புருஷன் வீட்டாருக்கு அதில் பேச்சில்லை. மூன்று புளியமரம், மழைக்குக் கேழ்வரகு, பனிக்கு அவரை. அந்த வீட்டில் யாரையும் கேட்காமல் அவர் செலவழிக்க முடிந்த காசு, புளி விற்ற காசு ஒன்றுதான். நான் வேலைக்குப் போகிறேன் என்றபோது வீட்டு ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் மாதத்து பஸ் காசை முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துக் கொடுத்தவர் அவர். அதனால் அந்த நிலத்தைப் பற்றி நான் நடுநிலையாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

மாமனார் நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் இதை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும். அவருக்கு இருந்த ஒரே வியாதி, கொடுப்பது. திருவிழாவுக்கு எங்கள் வீட்டு அண்டா, பள்ளிக்கூட விழாவுக்கு எங்கள் வீட்டு பெஞ்சு, எவர் வீட்டு மாப்பிள்ளைக்கோ என் கணவரின் சைக்கிள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இவர் அதைத் திருப்பிப் போட்டவர். நெய் பெண்டாட்டியுடையது, கை இவருடையது.

ஊருக்கு ஒரு அரசாங்கக் கிடங்கு வரப்போகிறது, ரோட்டோரம் இடம் வேண்டும் என்று அதிகாரிகள் வந்தபோது ஊரில் எல்லோரும் குனிந்து தரையைப் பார்த்தார்கள். இவர் மட்டும் நிமிர்ந்து, மாமியாரின் ஒன்றேகால் ஏக்கரைக் கையால் காட்டினார். சம்மதக் கடிதத்திலும் அவரே கையெழுத்துப் போட்டார். நிலம் யார் பேரில் இருக்கிறது என்று கடிதத்திலேயே எழுதியிருந்தது. புருஷன் போட்டால் பெண்டாட்டி போட்ட மாதிரிதானே என்று அந்த ஆபீசில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

பூமி பூஜை மைக் செட்டோடு நடந்தது. எங்கள் பக்கத்தில் எதைக் கொடுத்தாலும், அது நஷ்டத்துக்கு விற்ற மாடாகவே இருந்தாலும், வெற்றிலை பாக்கோடு கொடுத்து, மனசாரக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட வேண்டும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கொடுத்தால் வாங்கியவனுக்கு விளங்காது என்பார்கள். மாமனார் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் ஒரு பிடி மண்ணும் வைத்து அதிகாரியிடம் நீட்டி, மைக்கில் அதைச் சொன்னார். மனசார என்று ஒருமுறை சொன்னால் போதும். இவர் சந்தோஷமாக என்றும் சேர்த்துக்கொண்டார். தருமபுரி ஸ்டுடியோக்காரர் படம் பிடித்தார். பல் முழுக்கத் தெரியும் சிரிப்பு. அந்தப் படம் கண்ணாடி போட்டு எங்கள் கூடத்தில் மாட்டப்பட்டது.

மாமியாருக்கு விஷயம் தெரிந்தது பூஜைக்கு நாலைந்து நாள் முன்னால்தான். அவரைக்காய் பறிக்கப் போனவர், தன் நிலத்தில் அளவுக்கல் நட்டிருப்பதைப் பார்த்துவிட்டு வெறும் கூடையோடு திரும்பி வந்தார். யாரிடமும் சண்டை போடவில்லை. விழா அன்றைக்குத் தலைவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். புளியமரங்களை வெட்டிய அன்று மட்டும் அந்தப் பக்கம் போய் நின்றுவிட்டு வந்தார். சட்டம் தெரிந்தவரிடம் வேலை பார்த்தும் வீட்டில் வாய் திறக்க எனக்கு இடமில்லை. என் கணவர் வழக்கம்போல, அப்பா பாவம், அம்மாவும் பாவம் என்று இரண்டு பக்கமும் தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.

பிறகு அரசாங்க உத்தரவு வந்தது. அது மட்டும் மிகச் சரியாக மாமியார் பேருக்கு வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் நான் படித்துச் சொன்னேன். நிலத்துக்கு விலை போட்டிருந்தார்கள். நிலம் மனமுவந்து கொடுக்கப்பட்டதால் சொலேஷியம் கிடையாது என்று கடைசி வரியில் இருந்தது. மாமியார் அதற்கு அர்த்தம் கேட்டார். விருப்பமில்லாதவர்களிடம் நிலத்தை எடுக்கும்போது, அவர்களுடைய வருத்தத்துக்காகக் கொடுக்கும் ஆறுதல் தொகை என்றேன். வருத்தம் இல்லாதவர்களுக்கு அது கிடையாது என்றும் சொன்னேன்.

அந்தக் கடைசி வரியின் மேல் விரலை வைத்தார். பிறகு, "ஏங்கண்ணு, எனக்கு வருத்தமில்லைன்னு அவங்களுக்கு யாரு சொன்னது?" என்றார்.

நான் கூடத்துச் சுவரைப் பார்த்தேன். படம் சிரித்துக்கொண்டிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை மாமியார் என்னோடு பஸ் ஏறிவிட்டார். பணத்துக்காக வரவில்லை என்று வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிட்டார். தன்னை யாரும் கேட்கவில்லை என்பதை அரசாங்கம் தன் காகிதத்திலேயே எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான். வக்கீல் அன்றைக்கு லத்தீன் பேசவில்லை. சப் கோர்ட்டுக்கு வழக்கை அனுப்பச் சொல்லி, நிலம் எடுத்த அதிகாரிக்கு நானே மனுவைத் தட்டினேன்.

மாமனார் பாடுதான் திண்டாட்டம். பெண்டாட்டி தோற்றால் பணம் போகும். ஜெயித்தாலோ, அடுத்தவர் சொத்தைத் தூக்கிக் கொடுத்தவர் என்று ஊர் சொல்லும். இரண்டும் வேண்டும் அவருக்கு, பணமும் வள்ளல் பட்டமும். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். வெளியே சிரித்தாலும் உள்ளுக்குள் தான் அழுதுகொண்டிருந்ததாகக் கோர்ட்டில் சொல்லிவிடலாமாம். அதற்காகக் கண்ணாடி முன்னால் நின்று முகத்தைத் தொங்கப் போட்டுப் பார்த்ததை நானே பார்த்தேன். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு மாமனார் படத்தையாவது கழற்றிவிடலாம் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். மாமியார் விடவில்லை. இருக்கட்டும், அதற்கு வேலை இருக்கிறது என்றார்.

விசாரணை அன்று மாமியார் அந்தப் படத்தை ஒரு துண்டில் சுற்றிக் கோர்ட்டுக்கு எடுத்து வந்தார். எதிர்க்கட்சி ஆதாரத்தை நாமே தூக்கிக்கொண்டு வருவதா என்று எங்கள் வக்கீலுக்கு வேர்த்துவிட்டது. அரசாங்க வக்கீலுக்கோ ஏக குஷி. அவருடைய காகிதக் கட்டுக்குள் இருந்தது தபால் கார்டு அளவுப் படம், இதுவோ முழம் அகலம். அதையே வாங்கி உயர்த்திக் காட்டினார். கையெழுத்து இருக்கிறது, தாம்பாளம் இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது, இதில் கட்டாயம் எங்கே, வருத்தம் எங்கே என்று அடுக்கினார். கடைசியாக மாமியாரிடம், இதில் சிரிப்பது உங்கள் வீட்டுக்காரர்தானே என்று கேட்டார்.

"அவருதானுங்க. சந்தோஷமாத்தான் குடுத்தாருங்க, அதுல பொய்யில்லீங்க" என்றார் மாமியார். எங்கள் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். மாமியார் ஜட்ஜ் பக்கம் திரும்பினார். "நெலம் எங்கப்பன் எனக்குக் குடுத்ததுங்க. இந்தப் படத்துல நான் எங்க இருக்கறன்னு அவரைக் கொஞ்சம் காட்டச் சொல்லுங்க."

அரசாங்க வக்கீல் படத்தை நிஜமாகவே ஒருமுறை பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. ஜட்ஜ் அதை வாங்கி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னும் நிதானமாகப் பார்த்தார். அதிகாரிகள், மாலை, மைக் செட்காரர், எட்டிப் பார்க்கும் ஊர் ஆண்கள், ஓரத்தில் ஒரு ஆடு கூட இருந்தது.

தீர்ப்பில் பதினைந்து சதவீதம் கொடுக்கச் சொன்னார்கள். நில உரிமையாளரின் சம்மதம் பெறப்படவே இல்லை என்ற வரியை மாமியார் என்னை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். பிறகு நிலம் திரும்பி வருமா என்று கேட்டார். வராது என்றேன். தெரிந்துதான் கேட்டிருக்கிறார். தலையை ஆட்டிவிட்டு உலை வைக்கப் போனார். அந்த நிமிஷம் அந்தச் சட்டத்தையும் அதை எழுதினவனையும் நான் மனதாரச் சபித்தேன். பின்னால் அந்தப் பதினைந்து முப்பது ஆயிற்று. அதற்கும் பின்னால் நிலத்தின் விலை எவ்வளவோ ஆறுதலும் அவ்வளவு என்று ஆயிற்று. சொலேஷியம் என்ற பெயரும் ஒருவழியாகச் சட்டத்துக்குள் ஏறியது. அதையெல்லாம் பார்க்க மாமியார் இல்லை.

பணம் வந்து ஒரு வாரம் மாமனார் யாரோடும் பேசவில்லை. எட்டாம் நாள் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு, ஊரில் தலைகாட்ட முடியவில்லை, கோர்ட்டில் மானத்தை வாங்கிவிட்டாய், என் மனசு என்ன பாடுபடும் என்று ஒருத்தராவது கேட்டீர்களா என்று ஆரம்பித்தார். கடைசியில் வெற்றிலை வாங்க ஒரு ரூபாய் கேட்டார்.

மாமியார் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். ஒரு பத்துப் பைசாவும் ஒரு ஐந்து பைசாவும் எடுத்து அவர் கையில் வைத்தார்.

"ரூவாய்க்கு இவ்வளவுதானுங்களே சட்டம்" என்றார்.

நான் அடுப்படிக்குள் ஓடி வாயைப் பொத்திக்கொண்டேன். எட்டிப் பார்த்தபோது மாமனார் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். கண்ணாடி முன்னால் எவ்வளவு முயன்றும் வராத முகம் அப்போது தானாகவே வந்திருந்தது. படம் பிடிக்கத்தான் ஆளில்லை.