சாமிக்கு நான் வாசிக்காத நற்செய்தி

கண் தெரியாத ஒரு குருவானவரை, ஊர் பார்க்க, ஆயர் பார்க்க, வாசக மேடையில் தவிக்கவிட்டவன் நான். மறதியால் அல்ல, சோம்பலால் அல்ல… வேண்டுமென்றே செய்தேன்!

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் என்னை அறியாதவர். அந்தத் துணிச்சலில்தான் சொல்கிறேன்.

நான் சூசை, ராஜபாளையத்துக்காரன். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் டவாலியாக இருந்து ஓய்வு பெற்றவன். வழக்குக்கு வந்தவர்களின் பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிடுவது என் வேலை. என் குரலில் எனக்குக் கர்வம் உண்டு. ஞாயிறு பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகத்தை இருபது ஆண்டுகளாக நான்தான் வாசித்தேன்.

எங்கள் பங்குத்தந்தை அருளப்பன் சாமி எழுபதைத் தாண்டியவர். அவரைப் போல் ஒரு குருவை நான் கண்டதில்லை. வத்திராயிருப்பு மாந்தோப்பில் காவலுக்கு இருந்த ஒரே ஒரு குடும்பத்துக்காக, மாதந்தோறும் பஸ் ஏறிப் போய் நற்கருணை கொடுத்துவிட்டு வருவார். “அவிய வர முடியலைன்னா நாம போக வேண்டியதுதான” என்பார். அவ்வளவுதான் அவருடைய விளக்கம்.

சர்க்கரை வியாதி அவர் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. பூசைச் செபங்கள் அவருக்கு மனப்பாடம். ஆனால் குருவே வாசிக்க வேண்டிய நற்செய்தி வாரந்தோறும் மாறுமே! ஒரு சனிக்கிழமை மாலை என்னை அழைத்தார்.

“சூசை, எழுத்தெல்லாம் கலங்குது. செத்த நேரம் வாசிச்சுக் காட்டுதியா?”

வாசித்தேன். கண்களை மூடிக் கேட்டார். மூன்றாம் முறை முடிவதற்குள் முழுவதும் அவர் நெஞ்சில் இறங்கிவிட்டது. மறுநாள் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு சொல் பிசகாமல்… சபையில் ஒருவருக்கும் தெரியவில்லை!

ஓராண்டு இப்படியே போயிற்று. மறைப்பது அவரையும் உறுத்தியது. “திருவிழாவுக்கு ஆண்டவர் வாராரு. அன்னைக்கு மட்டும் நற்செய்தி வாசிச்சிருதேன். பொறவு நானே அவர்ட்ட உண்மையச் சொல்லி ஒதுங்கிக்கிடுதேன்” என்றார். ஆயரை, அதாவது பிஷப்பைத்தான், நாங்கள் ஆண்டவர் என்போம்.

அந்தத் திருவிழாவில் முதல் வாசகத்தை அவர் எனக்குத் தரவில்லை. வன்னியம்பட்டியிலிருந்து வரும் ஸ்டெல்லா டீச்சருக்குத் தந்தார்.

“இம்புட்டு வருசமா நீதான வாசிக்க. இந்த ஒரு தடவ அந்தப் பிள்ள வாசிக்கட்டும்.”

எவ்வளவு நியாயமான சொல்! எனக்கோ உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. வாராவாரம் அவர் வாயில் வருவது நான் ஊட்டிய சொற்கள் அல்லவா? என்னையா ஒதுக்குகிறார்? என்னையா!

திருவிழாவுக்கு முந்தைய சனிக்கிழமை நான் போகவில்லை. போன் செய்தேன். “காய்ச்சல் சாமி… எந்திரிக்கவே முடியல.”

“அடடா, படுத்துக்கோ. கஞ்சி குடிச்சியா? மாத்திரை போட்டியா? வாசகத்த நான் பாத்துக்கிடுதேன்.”

அப்போதாவது எழுந்து ஓடியிருக்கலாமே! ஓடவில்லை. மறுநாள் காலை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்றேன். எதற்குப் போனேன் என்று கேட்கிறீர்களா? அவர் தடுமாறுவதைப் பார்க்க… அதற்குத்தான் போனேன்.

அல்லேலூயா பாடி முடிந்தது. சாமி ஆயர் முன் குனிந்து ஆசி பெற்று, மேடைக்கு வந்து புத்தகத்தைத் திறந்தார். நின்றார். நின்றுகொண்டே இருந்தார். முன்வரிசையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஆண்டவரே… மக்களே… எனக்குக் கண்ணு தெரியல. ஒரு வருசமாத் தெரியல. ஒங்ககிட்ட மறைச்சிட்டேன். என்னை மன்னிக்கணும்.”

யாரைக் குற்றம் சொல்ல அவருக்கு உரிமை இருந்ததோ, அவன் பெயரை அவர் எடுக்கவே இல்லை!

அப்போது ஆயர் இருக்கையிலிருந்து எழுந்தார். மெல்ல நடந்து வந்து அவர் அருகில் நின்று, முதல் வரியைக் காதோரம் தாழ்ந்த குரலில் வாசித்தார். சாமி அதைச் சபைக்கு முழங்கினார். அடுத்த வரி… அதற்கடுத்த வரி… ஆயர் முணுமுணுக்க, சாமி அறிக்கையிட, அந்த நற்செய்தி முழுவதும் அப்படியே வாசிக்கப்பட்டது. முடிந்ததும் சாமி புத்தகத்தை முத்தமிட்டார். ஆயரோ குனிந்து சாமியின் கையை முத்தமிட்டார். மக்கள் அழுதார்கள். எத்தனை பெரியவர்கள் நம் திருச்சபையில்! அவர்களுக்கு எதிரே எத்தனை சிறியவன் நான்!

பூசை முடிந்து அருகே போய் “தோத்திரம் சாமி” என்றேன்.

“சூசையா! காய்ச்சலோட ஏன்யா வந்த?” துழாவி என் நெற்றியில் கை வைத்தார். கை அங்கேயே சற்று நின்றது. “சுடல… மாதா காப்பாத்திட்டா” என்றார்.

அவருக்குப் புரிந்துவிட்டதா? இன்று வரை எனக்குத் தெரியாது.

மாற்றலாகிப் போகும் நாளில், சபை முன்னே என் கையைப் பிடித்து, “ஒரு வருசமா எனக்குக் கண்ணா இருந்தவன் இவன்தான்” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் கைகூப்பி நின்றேன்!

இப்போது அவர் மதுரையில் முதிய குருக்கள் தங்கும் இல்லத்தில் இருக்கிறார். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று ஒருநாள் போனேன். என் குரல் கேட்டதும் பக்கத்து அறைகளில் இருந்த குருக்களையெல்லாம் அழைத்து, “நான் சொன்னேம்லா, அந்தச் சூசை இவன்தான்” என்று அறிமுகப்படுத்தினார். ஒவ்வொருவரும் வந்து என் கையைப் பற்றினார்கள். நான் பழம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

தவக்காலத்தில் புதிய சாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய முழந்தாளிடுகிறேன். கோபப்பட்டேன் என்கிறேன், பொய் சொன்னேன் என்கிறேன்… எந்தப் பொய் என்று மட்டும் சொல்வதில்லை. அவர் கையுயர்த்தி மன்னிப்பு வழங்குகிறார். எழுந்து வருகிறேன்.

வரிசையில் நிற்பவர்கள் ஒதுங்குகிறார்கள்.

“சூசையண்ணன் வாராரு, வழி விடுங்க.”