பொட்டு வைத்த கையுறை

வருஷத்தில் இரண்டு தடவை பாண்டியம்மாள் கரண்டியால்தான் சோறு சாப்பிடுவாள். திராட்சைக் கொடிகளைக் கவாத்து செய்து, வெட்டிய கொடிகளின் மொட்டுகளில் மருந்து தடவுகிற நாட்கள் அவை. துணியைக் கையில் சுற்றி மருந்தில் முக்கி, கொடி கொடியாகத் தடவிக்கொண்டே போக வேண்டும். தோட்டத்துப் பெண்கள் எல்லாருக்கும் விரல் தோல் உரிந்துவிடும். ரசம் பட்டால் உயிர் போகும். மருந்து டப்பாவின் மேல் கையுறை போட்ட கை ஒன்று படமாக இருக்கும். அப்படியொரு கையை அவர்கள் வேறெங்கும் பார்த்ததில்லை.

கூடலூர்ப் பக்கத்தில் இருந்த அந்தத் தோட்டத்துக்கு வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வருவதாக இருந்தது. பழம் வாங்கும் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து, வேலையாட்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று வேலைசெய்கிற ஒரு பெண்ணிடம் தனியாகக் கேட்பார். முதலாளியின் ஆட்கள் யாரும் கூட இருக்கக் கூடாது. மேனேஜர் ராஜபாண்டி தேடிப் பார்த்ததில், பத்தாம் வகுப்பு வரை போனவள் பாண்டியம்மாள் ஒருத்திதான்.

“நான் இங்கிலீஷ்லதாண்ணே ஃபெயிலு.”

“அது கெடக்கு. நாங்க குடுக்குறத ஒப்பிச்சாப் போதும். ஆர்டர் வந்துருச்சுன்னா நீதான் மேஸ்திரி. அப்புறம் மருந்துல கையே வைக்க வேணாம்.”

அந்தக் கடைசி வார்த்தைக்காகவே பாண்டியம்மாள் தலையாட்டினாள்.

சொல்லிக்கொடுக்க வந்தது ஷர்மின். உத்தமபாளையத்துப் பெண், தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிறவள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பந்தலடியில் பாடம் நடந்தது. முதல் வரி, ‘ஐ ஹேவ் வோர்ன் க்ளவுஸ்.’ கையுறை போட்டிருக்கிறேன் என்று அர்த்தம்.

“அதென்ன தாயி நடுவுல ஒரு ஹேவு?”

“அது பிரசென்ட் பெர்ஃபெக்ட்டுக்கா. நடந்தது முன்னாடி, அதோட சேதி இப்பவும் இருக்கும். ஏலத்தோட்டத்துக்குப் போயிருக்கீகளான்னு கேட்டா என்ன சொல்லுவீக?”

“போயிருக்கேன். அட்ட கடிச்ச தழும்பு இன்னும் கால்ல இருக்கு.”

“அம்புட்டுத்தான். ஐ ஹேவ் பீன்.”

கொடிக்கு அந்தப் பக்கமிருந்து, கூட வேலைசெய்கிற மூக்கம்மாள் குரல் கொடுத்தாள். “ஏ பாண்டி, லண்டனுக்குப் போறப்ப எங்களையும் ஜீப்புல ஏத்திக்கடி!”

“வா, டாப்புல ஒக்காந்து வா!”

இலக்கணம் அவளுக்குப் பிடித்துப்போனது. குழாயடியில், அடுப்படியில் எல்லாம் வாய் ஓடிக்கொண்டே இருந்தது. ஐ ஹேவ் வாஷ்டு, ஐ ஹேவ் குக்டு. செய்ததைச் சொல்லச் சொல்ல, எவ்வளவு செய்திருக்கிறோம் என்று அவளுக்கே மலைப்பாக இருந்தது. கையுறை வரியில் மட்டும் ஒவ்வொரு முறையும் தடுக்கியது.

“இந்த ஒண்ணு மட்டும் நாக்குல நிக்க மாட்டேங்குது தாயி.”

ஷர்மின் தலை நிமிராமல், “எனக்கு எழுதிக் குடுத்தாகக்கா” என்றாள்.

கம்பெனி ஆள் வருகிற அன்று காலையில், புதிதாக வாங்கிய கையுறைப் பெட்டியை உடைத்தார்கள். ராஜபாண்டிக்கு ஒரு வழக்கம். புது மோட்டாரோ, புது மருந்தடிக்கும் மெஷினோ எது வந்தாலும் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டாமல் தொட விடமாட்டார். கையுறைகளையும் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துப் பெண்களிடம் போட்டுக்கொள்ளக் கொடுத்தார். மோட்டாருக்குத் தவறாமல் பொட்டு வைத்தவருக்கு, இத்தனை வருஷத்தில் மனுஷிகள் கைக்கு ஓர் உறை வாங்க மட்டும் தோன்றவில்லை.

வந்தவர் நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்கார அம்மா. ராஜபாண்டியை மோட்டார் ரூம் பக்கம் போய் நிற்கச் சொல்லிவிட்டு, பாண்டியம்மாளைப் பார்த்து நிதானமாகச் சிரித்தார். அவர் பார்வை அவள் கையுறையின் மேல்பக்கம் வந்து நின்றது.

“வாட் இஸ் திஸ்?”

குங்குமம். ஒப்பித்ததில் இதற்குப் பதில் இல்லை.

“நியூ திங்... வீ புட்” என்றாள்.

“நியூ?”

பாண்டியம்மாள் திரும்பிப் பார்த்தாள். அந்த வாரம் மருந்தில் உரிந்த விரல்கள் உறைக்குள் நுழையாமல் மூக்கம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் ராஜபாண்டி கண்ணாலேயே ஒப்பிக்கச் சொன்னார். பழைய பூசைப் பொட்டு என்று ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். அடுத்த கவாத்துக்கு மேஸ்திரி. கையும் தப்பிக்கும், அவளுடைய கை மட்டும்.

“வீ ஹேவ் நாட் வோர்ன்” என்றாள். “நெவர். டுடே ஃபர்ஸ்ட்.”

உறைகளைக் கழற்றிவிட்டு விரல்களை விரித்துக் காட்டினாள். “மெடிசின்.”

அந்த அம்மா குனிந்து ஒவ்வொரு விரலாகப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஆர்டர் ரத்தாகவில்லை, தள்ளிப்போனது. ஒரு கவாத்து முழுக்க எல்லாரும் கையுறை போட்டு வேலைசெய்திருக்க வேண்டும், மறுபடி வந்து பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். மேஸ்திரி வேலை ராஜபாண்டியின் மச்சினனுக்குப் போனது.

“படிக்க வச்சதுக்கு நல்லாக் கைமாறு செஞ்ச” என்றார் ராஜபாண்டி.

“வாங்கிக் குடுத்த உறை போதும்ணே” என்றாள்.

அடுத்த கவாத்துக்கும் பாண்டியம்மாள் மருந்துதான் தடவினாள். சாயங்காலம் வீட்டில் மகள் முனீஸ்வரி பழக்கத்தில் தட்டோடு கரண்டியையும் கொண்டுவந்து வைத்தாள். பாண்டியம்மாள் கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டு, சுடுசோற்றில் ரசத்தை ஊற்றிக் கையால் பிசைந்தாள்.