மலையைப் பார்த்து நிற்கச் சொன்ன கஜேந்திரன்

கஜேந்திரன் எண்ணிலிருந்து போன் வந்தால் நான் ஹலோ சொல்வதில்லை. "சொல்லு தம்பி, இன்னா கலரு?" என்றுதான் கேட்பேன். ஷூட்டிங்குக்கு என்ன நிறப் புடவையில் வர வேண்டும் என்று அவர் சொல்வார். ஒன்பது வருஷமாக இதுதான் வழக்கம். அன்றைக்குக் காலையிலும், அரிசி களைந்த ஈரக்கையோடு போனை எடுத்து அப்படியேதான் கேட்டேன். அந்தப் பக்கம் அவர் மனைவி தேவகியின் குரல் வந்தது.

"யக்கா, நான் தேவகி பேசறேன். அவரு போய்ட்டாருக்கா. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பேசிக்கினுதான் வந்தாரு."

நான் கேட்டதை நினைத்து உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. காரியம் முடிந்த பிறகு தேவகியின் கையைப் பிடித்து, "தப்பா நெனச்சுக்காதம்மா" என்றேன். "நீங்க மட்டுமா யக்கா? அன்னிக்கு நான் போன் போட்ட அத்தினி பேரும் அதத்தான் கேட்டாங்க" என்றாள். சொல்லும்போதே சிரித்துவிட்டாள். அழுகையும் கூடவே வந்தது.

அவர் வேனில் ஷூட்டிங்குக்கு வந்தவர்களுக்குக் கஜேந்திரனைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். படத்தில் கதாநாயகி சந்தையில் நடந்து போனால், பின்னால் ஒருத்தி கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டிருப்பாள். தேர் வந்தால் நூறு பேர் கும்பிடுவார்கள். எழவு வீடு என்றால் பத்துப் பேர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். திருவண்ணாமலைப் பக்கம் எந்தப் படப்பிடிப்பு நடந்தாலும் அந்த ஜனங்களைச் சேர்த்து, வேனில் ஏற்றி, வெயிலில் நிறுத்தி, திரும்ப வீட்டு வாசலில் இறக்கிவிடுகிறவர் கஜேந்திரன். ஏஜென்ட் என்று சொல்வார்கள். என்னைவிடப் பதினான்கு வயது சின்னவர்.

என் வீட்டுக்காரர் இறந்து மூன்று வருஷம் நான் வாசற்படி தாண்டவில்லை. யாரும் தடுக்கவில்லை, ஆனால் எங்கே போவது? கடைக்குப் போக மருமகள் இருந்தாள். கோயிலுக்குப் போனாலும் போன கையோடு திரும்ப வேண்டும். அப்போதுதான் கீழ்பென்னாத்தூரிலிருந்து சம்பூர்ணம் வந்தாள். எனக்கு நாத்தனார் முறை, அப்போதே கஜேந்திரன் வேனில் போய்க்கொண்டிருந்தவள். வாய் அடங்காதவள். "சும்மா செவுத்தப் பாத்துக்கினு குந்திக்கினு இருக்கறத ஷூட்டிங்குல வந்து குந்து அண்ணி. சோறு போட்டு, படமும் புடிப்பாங்க" என்றாள்.

என் மகன் ஏழுமலை ஒரே பேச்சில் மறுத்துவிட்டான். பஸ் ஸ்டாண்டு பக்கம் டயர் கடை வைத்திருக்கிறான். நாலு பேர் வந்து போகிற இடம். "உங்கம்மா கூத்தாடப் போவுதானு கேப்பானுங்க" என்றான். சம்பூர்ணம் போய்க் கஜேந்திரனிடம் சொல்லியிருக்கிறாள். மறுநாளே அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். ஒல்லியான ஆள், வாய் நிறைய வெற்றிலை.

"ஏழுமலை, உங்கம்மாவ நான் ஆட வெக்கல, பாட வெக்கல. நிக்க வெக்கப் போறேன். ரேஷன் கடையில நிக்கறதில்லியா? அத மாதிரிதான். அங்க எவனும் அவங்களப் படம் புடிக்கல, அவ்ளோதான் வித்தியாசம்."

மருமகள் உள்ளே சிரித்துவிட்டாள். ஏழுமலை சிரிக்கவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டான். "ஒரு தபா, ஒரே ஒரு தபா, எங்கம்மாவ யாராச்சும் மரியாத இல்லாம பேசினாங்கன்னு தெரிஞ்சா அதோட முடிஞ்சிது." கஜேந்திரன் தலையாட்டினார். எனக்கு உள்ளுக்குள் பயம்தான். மூன்று வருஷம் கழித்துத் திறந்த கதவு ஒரு பேச்சில் மூடிவிடும் என்று தெரிந்தது.

முதல் நாள் எனக்குக் கை எங்கே வைப்பது, கண் எங்கே வைப்பது என்று ஒன்றும் புரியவில்லை. கேமராவைப் பார்க்கக் கூடாது என்றார்கள். பார்க்கக் கூடாது என்றால் அதைத்தானே கண் தேடுகிறது? இரண்டு முறை என்னால் கட் ஆனது. கஜேந்திரன் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "யக்கா, எங்க பாக்கறதுனு தெரியலன்னா மலையப் பாருங்க. மலையப் பாக்கற மூஞ்சி எந்தப் படத்துக்கும் பொருந்தும். கல்யாணத்துக்கும் பொருந்தும், சாவுக்கும் பொருந்தும்." மூன்றாம் முறை மலையைப் பார்த்தேன். சரியாக வந்தது. எங்கள் பக்கத்தில் எந்தக் கொல்லையில் நின்றாலும் ஏதோ ஒரு மூலையில் அண்ணாமலை தெரியும். அதனால் அவர் வேனில் வந்த யாருக்கும் அதன்பிறகு கண் தடுமாறியதில்லை.

அவரிடம் குறையே இல்லை என்று எழுதினால் அவரே சிரிப்பார். ஐந்து மணிக்கு வேங்கிக்கால் நிறுத்தத்தில் நிற்கச் சொல்வார். வேன் ஆறேகாலுக்கு வரும். கேட்டால், "அஞ்சுன்னு சொன்னாதான யக்கா நீங்கல்லாம் ஆறுக்கு வர்றீங்க" என்பார். சாப்பாட்டில் கறி என்று சொல்லி அழைத்துப் போவார். அங்கே போனால் சாம்பார் சாதம். சம்பூர்ணம் அவரைத் திட்டாத நாள் இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவர் இம்மி அசைய மாட்டார். படப்பிடிப்பில் எங்களைக் கூப்பிடுகிற விதம் ஒன்று இருக்கிறது. "மஞ்சப் பொடவ, லெஃப்ட்ல போ." "வெள்ள வேட்டி, குனி." இருநூறு பேரில் யாருக்கு யார் பேர் தெரியும்? அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கஜேந்திரன் காதில் விழுந்தால் விடமாட்டார். "அவங்க பேரு ராணி சார்." "அவரு பேரு மணி சார்." ஒவ்வொரு தடவையும் சொல்வார். கோபமாகச் சொல்ல மாட்டார். மறந்ததை எடுத்துக் கொடுப்பதுபோலச் சொல்வார். சில பேர் எரிந்து விழுவார்கள். சில பேர் மாலைக்குள் பேர் சொல்லிக் கூப்பிடப் பழகிவிடுவார்கள்.

ஏன் தம்பி இப்படி என்று ஒரு நாள் கேட்டேன். இளவயதில் நடிகனாக வேண்டும் என்று சென்னைக்குப் போயிருக்கிறார். கூட்டத்தில் நிற்கத்தான் கிடைத்திருக்கிறது. நல்ல சட்டை ஒன்றுதான், கோடு போட்டது. "மூணு வருஷம் 'ஏய் கோட்டுச் சட்ட'ன்னுதான் கூப்ட்டானுங்க யக்கா. ஊருக்குத் திரும்பி வந்தேன். எங்கம்மா வாசல்ல நின்னு 'கஜேந்திரா'ன்னாங்க. வேற யாரயோ கூப்பிடறாங்கன்னு நான்பாட்டுக்குத் தாண்டிப் போறேன்." சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பப் போய்விட்டார். திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆனது.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். வேனில் வந்தவர்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் என் கையால் எழுத வேண்டும்.

நான் சேர்ந்த இரண்டாம் மாதம். கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு ஏரிக்கரையில் அம்மன் திருவிழா எடுத்தார்கள். மூன்று நாள் வேலை. முதல் நாள் நான் பச்சைப் புடவை கட்டியிருந்தேன். என் நேரம், கதாநாயகிக்கு நேர் பின்னால் நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் வேனில் கஜேந்திரன், "நாளைக்கும் இதே பொடவ. யாரும் மாத்தாதீங்க" என்று கத்திச் சொன்னார். என் காதிலும் விழுந்தது. ஆனால் அங்கே வைத்திருந்த அம்மன், அட்டையும் சாந்துமாகச் செய்ததே ஆனாலும், காலையில் அதற்கு நிஜமாகவே பூசாரி வைத்துப் பூசை போட்டுக் கற்பூரம் காட்டினார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டு விபூதி வாங்கியவள் நான். அந்தச் சாமி முன்னால் நேற்றைய வேர்வைப் புடவையோடு போய் நிற்பதா? விடியக்காலம் பச்சையைத் துவைத்துக் கொடியில் போட்டேன். தலைக்குக் குளித்தேன். தீபாவளிக்கு ஏழுமலை எடுத்துக் கொடுத்த நீலப் புடவை மடிப்புக் கலையாமல் இருந்தது. அதைக் கட்டிக்கொண்டு போனேன்.

படத்தில் நேற்று எடுத்ததும் இன்று எடுப்பதும் ஒரே நிமிஷத்தில் நடக்கிற கதை என்று எனக்கு எப்படித் தெரியும்? ஏரிக்கரையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் கையில் நேற்று எடுத்த போட்டோவை வைத்துக்கொண்டு, "பச்சப் பொடவ எங்க? ஹீரோயின் பின்னாடி நின்ன பச்சப் பொடவ!" என்று கத்திக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள். படக் கம்பெனி மேனேஜர் வந்தார். கஜேந்திரனை எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கு என்று வாங்கினார். அந்தப் பொம்பளையை இப்போதே அனுப்பு, இல்லையென்றால் நாளைக்கு உன் வேன் வேண்டாம் என்றார்.

"அவங்க பேரு கன்னியம்மா சார்" என்றார் கஜேந்திரன். "சாமிக்குப் பண்ற மரியாதனு மாத்திக்கினு வந்துட்டாங்க. நான் வெவரமா சொல்லியிருக்கணும். அனுப்பறதா இருந்தா எல்லாரயும் கூட்டிக்கினு போறேன். அவங்கள மட்டும் அனுப்ப மாட்டேன். ஒரு மணி நேரம் குடுங்க, பச்சப் பொடவ வந்துடும்."

அப்புறம் அவர் போன் போட்டது ஏழுமலைக்கு. மரியாதை இல்லாமல் ஒரு பேச்சு என்று அவன் சொல்லியிருந்தான். இங்கே நூறு பேச்சு விழுந்துவிட்டது. இன்றோடு சரி, இனிமேல் சுவர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழுமலை வண்டியில் வந்தான். கையில் பை. பையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பிழிந்து போட்ட புடவை காயவே இல்லை. அவன் இறங்கும்போதும் அந்தப் பெண், "பச்சப் பொடவ வந்துச்சா?" என்று குரல் கொடுத்தாள். ஏழுமலை முகம் மாறியது. அதற்குள் கஜேந்திரன் திரும்பி, "அவங்க பேரு கன்னியம்மா மேடம். அவங்க புள்ள எடுத்துக்கினு வந்துட்டாரு" என்றார். பிறகு ஏழுமலையிடம், "தப்பு என்னுது தம்பி. உங்கம்மா மேல இல்ல. நீ என்னத் திட்டறதா இருந்தா அப்பறம் திட்டு. இப்ப இந்த முந்தானையப் புடி" என்றார்.

ஏழுமலை பிடித்தான். ஏரிக்கரை மேட்டில் காற்று நன்றாக அடித்தது. ஒரு முனையைக் கஜேந்திரனும் மறுமுனையை என் மகனும் பிடித்துக்கொண்டு, வெயிலில் என் புடவையை விரித்து நின்றார்கள். நடுவில் அது பாய்மரம் மாதிரி உப்பியது. சம்பூர்ணத்துக்கு அந்த நேரத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை. "டேய் ஏழுமல, கேமராவப் பாக்காத, மலையப் பாரு!" என்றாள். வேன் ஜனம் மொத்தமும் சிரித்தது. அந்தக் கண்ணாடிப் பெண்ணும் சிரித்துவிட்டாள். என் மகன் சிரிக்கவில்லை. ஆனால் மலையைப் பார்த்தான்.

கரை ஓரம் ஈரத்தோடுதான் கட்டிக்கொண்டு நின்றேன். ஒரே தடவையில் முடிந்தது. "நல்லா இருந்துச்சு கன்னியம்மா" என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு ஏழுமலை என்னை வண்டியில் அழைத்து வந்தான். வாசலில் இறக்கிவிட்டு, "நாளைக்கும் இதயே கட்டிக்க. தொவைக்காத" என்றான். கதவு திறந்தே இருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தப் படம் வந்தபோது என் பேத்தி போனில் அந்த இடத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டினாள். கதாநாயகி தோளுக்குப் பின்னால் என் பாதி முகம். கண் இமைத்தால் போய்விடும். பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் காட்டியிருக்கிறாள். எனக்குப் பெருமையில்லை என்று சொன்னால் பொய். படம் முடிந்து வெள்ளை எழுத்தில் பேர்கள் ஓடின. டீ கொடுத்தவர் பேர் வரைக்கும் இருந்தது. எங்கள் பேர் இல்லை. "கூட்டத்துக்கு அதுல இடம் இல்ல யக்கா" என்றார் கஜேந்திரன். அந்த ஒரு இடத்தில் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அதனால்தான் அவர் இறந்த மூன்றாம் நாள் நானும் சம்பூர்ணமும் அஞ்சலி பேனர் அடிக்கக் கடைக்குப் போனோம். வேனில் வந்த முப்பத்தெட்டுப் பேர் பேரையும் என் கையெழுத்தில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். ஐந்தாம் வகுப்புப் படிப்பு அதற்குப் போதும். கடைக்காரர் தாளைப் பார்த்துவிட்டு, "இத்தினி பேரு போட்டா எழுத்து எறும்பு மாதிரி ஆயிடும்மா. 'வேன் குழுவினர்'னு ஒரே வரியில போட்டுடலாம்" என்றார்.

"குழுவினர்னு போடறதுக்கு நாங்க வரல" என்றேன்.

"அப்ப போட்டோவத்தான் கம்மி பண்ணணும்."

"கம்மி பண்ணு" என்றாள் சம்பூர்ணம். "அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

போட்டோவும் ஒன்றுதான் கிடைத்தது. எத்தனையோ பேரைக் கேமரா முன்னால் நிறுத்தியவர் தனியாக ஒரு படம் எடுத்து வைத்திருக்கவில்லை. தேவகி பீரோவில் தேடிக் கொடுத்தது சென்னைக் காலத்துப் படம். ஏதோ கூட்டத்தில் நிற்கிறார். கோடு போட்ட சட்டை. அதிலிருந்து அவரை மட்டும் வெட்டி எடுத்தார்கள். இந்த மாதிரி பேனர்களில் இறந்தவர்கள் நேராக நம்மைப் பார்ப்பார்கள். கஜேந்திரன் மட்டும் பக்கவாட்டில் எங்கேயோ பார்க்கிறார்.

வேங்கிக்கால் நிறுத்தத்தில், வேன் வந்து நிற்கும் இடத்தில் கட்டினோம். கட்டும்போது ஏழுமலை ஏணி மேல் நின்றான். "இந்தப் பக்கம் திருப்பு, இன்னும் கொஞ்சம்" என்று நான் கீழே நின்று சொன்னேன். அவர் பார்வை மலை மேல் விழுகிற மாதிரி வந்ததும் போதும் என்றேன். மேலே அவர் பேர். கீழே எங்கள் முப்பத்தெட்டுப் பேர். என் பேர் மூன்றாம் வரிசையில் இருக்கிறது. எறும்பு மாதிரிதான், ஆனால் படிக்க முடிகிறது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இரண்டு. எங்கே பார்ப்பது என்று தெரியாத நேரத்தில் பார்க்க ஒரு இடம். என்னை யார் எப்படிக் கூப்பிட்டாலும் திரும்புவதற்கு ஒரு பேர். பச்சைப் புடவையும் இருக்கிறது, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அது எப்படியும் என்னுடையதுதான்.

போன வாரம் அந்த எண்ணிலிருந்து மறுபடி போன் வந்தது. இப்போது வேனைத் தேவகிதான் பார்த்துக்கொள்கிறாள். இந்த முறை நான் எதுவும் கேட்கவில்லை. காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"கன்னியம்மாக்கா" என்றாள் முதலில். அப்புறம்தான் நிறத்தைச் சொன்னாள்.