பென்சிலில் வரைந்த கேமரா

ஒரு அப்பா தன் மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்க முடியாமல் போனது என்னால்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் குவைத்தில் லாரி ஓட்டுகிறவர். லீவு கிடைக்கவில்லை. வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். அந்த வீடியோவை எடுத்தவள் நான். தாலி கட்டுகிற காட்சி அதில் இல்லை.

தப்பு என்னுடையது. ஆனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு என்னை மட்டும் திட்டிக்கொள்ள என்னால் முடியாது.

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தொழிற்பிரிவில் படித்தேன். பத்தாம் வகுப்பில் மார்க் குறைந்தவர்களைத் தள்ளிவிடுகிற இடம் அது. அழகான பெயரெல்லாம் வேண்டாம். நாங்கள் பிளஸ் ஒன் சேர்ந்த வருடம், ஊடகப் பயிற்சிக்கென்று இரண்டு வீடியோ கேமரா, ஸ்டாண்டு, மைக், கம்ப்யூட்டர் எல்லாம் வந்து இறங்கின. அறைக் கதவில் 'செய்முறைப் பயிற்சிக் கூடம்' என்று பெயின்ட்டில் எழுதினார்கள். கேமராக்களை பீரோவில் வைத்துப் பூட்டினார்கள்.

பொறுப்பு யாரிடம்? வேளாண் பாடம் நடத்துகிற சாரிடம். நாற்றங்கால், மருந்து தெளிப்பது பற்றியெல்லாம் கேட்டால் அருமையாகச் சொல்வார். கேமராவைக் கண்டால் அவருக்குப் பயம். ஸ்டாக் ரெஜிஸ்டரில் அவர் பெயரில் ஏறிய பொருள். உடைந்தால் ஆடிட்டில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் கரும்பலகையில் கேமராவை வரைவார். நாங்கள் அதைப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் பென்சிலால் வரைந்து, அம்புக்குறி போட்டு, பாகங்களின் பெயரை எழுதுவோம். அதுதான் செய்முறை.

ஒரு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து கேட்டேவிட்டாள்.

"சார், ஒரு தடவ கையில குடுங்க சார். பாத்துட்டுக் குடுத்துர்றோம்."

"கீழ போட்டா?"

"போட மாட்டோம் சார்."

"போன வருஷம் ஸ்ப்ரேயர இப்படித்தான் நம்பிக் குடுத்தேன். அதோட மூக்க இன்னும் தேடிக்கிட்டு இருக்கேன். உக்காரு."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டு வருடத்தில் ஒரே ஒரு முறை கேமரா என் கைக்கு வந்தது. அதிகாரிகள் பார்வையிட வந்த அன்று நான்கு பெண்களை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு சாமானைக் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு, திரும்ப வாங்கி வைத்துவிட்டார்கள். அந்தப் போட்டோவைப் பெரிய பிளெக்ஸாக அடித்து வாசலில் கட்டினார்கள். அதில் நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மும்முரமாகப் படம் பிடிக்கிறேன். லென்ஸ் மூடியைக் கழற்றவே இல்லை. அந்த வாசல் வழியே தினமும் போய்வந்த ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை.

செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்தவர் ரெக்கார்டைப் புரட்டி, "டிராயிங் நல்லாருக்கும்மா" என்றார். முழு மதிப்பெண். வீட்டில் கேசரி கிளறித் தெருவுக்கே கொடுத்தோம்.

அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் தஞ்சாவூரில் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்தேன். தை மாதம், ஒரே நாளில் மூன்று கல்யாணம். வீடியோ எடுக்கிறவர் வேறு இடத்துக்குப் போய்விட்டார். ஸ்டுடியோ அண்ணன் போட்டோவைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, வீடியோ கேமராவை என்னிடம் நீட்டினார்.

"தெரியும்ல பாப்பா?"

"தெரியும்ண்ணே."

பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை. தெரியும் என்றுதான் நினைத்தேன்.

திருவையாறு தாண்டி ஒரு கிராமத்து மாதா கோயில். பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தாலி கட்டுறத மட்டும் விட்றாத பாப்பா. புள்ளையோட அப்பா அதுக்குத்தான் அங்க காத்துக்கிட்டு இருக்காங்க." பெண்ணின் சித்தப்பா குவைத்துக்கு வீடியோ கால் போட்டுப் பார்த்தார். டவர் இல்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

வாசலில் நிற்கும்போதே, சரியாக இருக்கிறதா பார்ப்போம் என்று சிவப்புப் பட்டனை ஒரு முறை அமுக்கினேன். அப்போதே அது ஓட ஆரம்பித்துவிட்டது. எனக்குத் தெரியவில்லை. திரையில் எப்போதும் படம் தெரிகிறதே, ஓடுகிறதா நிற்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மூலையில் எரிந்த சிவப்புப் புள்ளியை பேட்டரி அடையாளம் என்று நினைத்தேன். எங்கள் பென்சில் படத்தில் திரையே கிடையாது. சார் கேமராவின் இடது பக்கத்தை மட்டும்தான் வரைவார்.

பிறகு எல்லாம் தலைகீழ். எடுக்கிறேன் என்று அமுக்கும்போது நின்றது. நிறுத்துகிறேன் என்று அமுக்கும்போது ஓடியது. பங்குச் சாமியார் தாலியை மந்திரித்துக் கொடுத்தார். சொந்தக்காரர்கள் போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள். "மறைக்காதீங்க, போன கீழ எறக்குங்க, நான் எடுத்துத் தர்றேன்" என்று அதட்டினேன். இறக்கிவிட்டார்கள். மாப்பிள்ளை தாலி கட்டினார்.

மறுநாள் அண்ணன் கம்ப்யூட்டரில் போட்டார். சிமென்ட் தரை. செருப்பு. புடவைக் கரை. மறுபடியும் தரை.

"கோயில் தரைக்குக் கல்யாணம் பண்ணி வச்சிருக்கியே பாப்பா" என்றார். சிரிக்கவில்லை. கார்டை உருவி எடுத்துக்கொண்டு, "கார்டு கெட்டுப்போச்சுன்னு சொல்லிக்கலாம். நடக்குறதுதான்" என்றார்.

நான் நேராகப் பள்ளிக்கு பஸ் ஏறினேன். அடுத்த செட் பிள்ளைகள் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார்கள். சாரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"மொத தடவ யாருக்குத்தான் தப்பாவல? போகப் போக வந்துரும்" என்றார்.

"சார், அந்தப் பட்டன அமுக்குனா ஓடுதா நிக்குதான்னு எப்படிப் பாக்குறதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

யோசித்தார். "புக்குல போட்டிருக்குமே."

பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். "கேமராவக் கேட்டு வாங்குங்க. குடுக்கிற வரைக்கும் எவளும் வரையாதீங்க."

"க்ளாஸ் நடக்குதும்மா, வெளிய போ" என்றார் சார்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே, ஸ்டுடியோ ஆர்டர் நோட்டிலிருந்து எழுதி வந்த நம்பருக்கு, குவைத்துக்குப் போன் போட்டேன். கார்டு, கோளாறு என்று எதையும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஐயா, எனக்கு எடுக்கத் தெரியல. தாலி கட்டுனது பதிவாகல."

வண்டியின் இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் வந்தது.

"படிச்ச பொண்ணுன்னு சொன்னாங்களே."

"நோட்டுல வரைஞ்சுதாங்க ஐயா படிச்சேன்."

"அங்க அத்தன பேரு இருந்தாங்க. ஒருத்தர்கூடவா போன்ல எடுக்கல?"

"நான்தான் எடுக்க விடல."

வைத்துவிட்டார். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. அண்ணனும் சாரும் சொன்னதுபோல அவரும் ஏதாவது சமாதானம் சொல்லியிருந்தால் எனக்கு வெறுத்துப்போயிருக்கும்.

போட்டுக்கொடுத்ததற்காக அண்ணன் என்னை வேலையிலிருந்து நிறுத்தினார். கடைசி வேலையாக போட்டோ ஆல்பத்தைப் பெண் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். தாலி கட்டும் போட்டோ அதில் இருந்தது. அசையாத போட்டோ. பெண்ணின் அம்மா அதைத் தடவிக்கொண்டே சொன்னார், "புள்ள அப்ப அழுதுச்சா சிரிச்சுச்சான்னு அவங்க அப்பா கேட்டுக்கிட்டே இருக்காங்க. நாங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றோம்."

எனக்குத் தெரியும். தாலி கட்டும்போது திரையில் பெண்ணின் முகத்தைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. முதல் முடிச்சு வரை சிரித்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் முடிச்சுப் போடும்போது சித்தப்பா கையில் இன்னும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்த போனைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் உதடு கோணியது.

அதைச் சொல்ல குவைத்துக்கு மூன்று முறை போன் போட்டேன். அவர் எடுக்கவில்லை.